காவல்துறை மீது கொடுக்கும் புகார் எங்கே போய்ச் சேருகிறது?

காவல் நிலையத்துக்குள் போன ஒருவர் உயிரோடு திரும்பாவிட்டால், அல்லது கையில் மாவுக்கட்டோடு திரும்பினால், அடுத்த சில நாட்களுக்கு நாளிதழ்களில் ஒரே வரிசையில் சில சொற்கள் வந்து விழுகின்றன: ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை, துறைரீதியான விசாரணை, சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றம், மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து வழக்குப் பதிவு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் தனிப்படைப் போலீசாரின் பிடியில் உயிரிழந்தபோது மாஜிஸ்திரேட் விசாரணை, சி.பி.சி.ஐ.டி., உயர் நீதிமன்றம் நியமித்த மாவட்ட நீதிபதியின் விசாரணை, கடைசியில் சி.பி.ஐ. என்று சில நாட்களுக்குள்ளாகவே நான்கு விசாரணைகள் பேசப்பட்டன. இவற்றுள் எது எதற்காக, எது காவலரைத் தண்டிக்கும், எது அறிக்கையோடு நின்றுவிடும் என்று படிப்பவர் குழம்புவது இயல்பு. அதைவிடக் கவனிக்க வேண்டியது, போலீஸ் மீதான புகாரை விசாரிப்பதற்கென்றே சட்டத்தில் இடம்பெற்றுள்ள அமைப்பின் பெயர் இந்த வரிசையில் அடிபடுவதே அரிது என்பதாகும். காவல் புகார் ஆணையம் என்பது அதன் பெயர்.

முதலில், மூன்று பாதைகள்

காவலர் ஒருவர் வரம்பு மீறினார் என்பது உறுதியானால் அதிலிருந்து மூன்று தனித்தனி விளைவுகள் பிறக்கலாம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற ஒரே வரியில் பல செய்திகள் முடிந்துபோகின்றன.

1. குற்ற வழக்கு. வாக்குமூலம் பறிப்பதற்காக ஒருவரை அடித்துக் காயப்படுத்துவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரையிலும், அது கொடுங்காயமாக இருந்தால் 10 ஆண்டுகள் வரையிலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இறந்துபோனால் கொலை வழக்கு. இந்தப் பாதையை முடித்துவைப்பது நீதிமன்றம்.

2. துறை நடவடிக்கை. தமிழ்நாட்டில் சார்நிலைக் காவலர்களுக்கு 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகள் பொருந்தும். அவற்றின் 3(பி) பிரிவில் கொடுக்கப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைத்தான் காவலர்கள் ‘த்ரீ பி சார்ஜ்’ என்று அஞ்சுகிறார்கள். பதவியிறக்கம், பணிநீக்கம் வரை அது போகும். விசாரிப்பவரும் தண்டிப்பவரும் துறையின் மேலதிகாரிகளே.

3. இழப்பீடு. அரசின் ஊழியர் செய்த மீறலுக்காகப் பாதிக்கப்பட்டவருக்கோ அவருடைய குடும்பத்துக்கோ அரசு பணம் கொடுப்பது. காவலர் குற்றவாளி என்று தீர்ப்பாகும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தற்காலிகப் பணிநீக்கம் இந்த மூன்றிலும் சேராது. ஆயுதப்படைக்கு மாற்றம், காத்திருப்போர் பட்டியல் ஆகியவையும் சேரா. இவை விசாரணை முடியும் வரை ஆளை அந்த இடத்திலிருந்து அகற்றி வைக்கும் ஏற்பாடுகள். தண்டனை என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

குடிமக்கள் தரப்பிலிருந்து போலீசைக் கண்காணிக்கும் அமைப்பு இந்த மூன்று பாதைகளில் எதற்கும் மாற்று அன்று. நடந்தது என்ன என்பதைப் போலீஸ் துறைக்கு வெளியே நின்று கண்டறிந்து, வழக்கையோ துறை நடவடிக்கையையோ தொடங்கச் செய்வதே அதன் வேலை. அப்படி ஒன்று ஏன் தேவை என்பது, அது இல்லாதபோது ஒரு மனு எப்படிப் பயணிக்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

கீழே இறங்கி வரும் மனு

வழக்கமான புகார் என்றால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போடுவதற்குப் பதிலாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். சமுதாயப் பணிப் பதிவேட்டில் மனு ஏறியது என்பதற்கான சான்று அது. வழக்குப் பதிவானது என்று அதற்குப் பொருள் இல்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பின்னும் இந்த ரசீது வழக்கம் நீடிக்கிறது.

புகாரே அந்த நிலையத்துக் காவலர் மீது என்றால், ரசீது கேட்கவே மனுதாரருக்குத் துணிவு வராது. அவர் எஸ்.பி. அலுவலகத்தின் வாராந்திர மனு நாளுக்குப் போகிறார். அல்லது தலைமைச் செயலகத்துக்குத் தபால் போடுகிறார். மனுவுக்கு ஓர் எண் கிடைக்கிறது. மேலே ஏறிய அந்தக் காகிதம் ‘விசாரித்து அறிக்கை அனுப்புக’ என்ற குறிப்போடு டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து எஸ்.பி.க்கும், எஸ்.பி.யிடமிருந்து டி.எஸ்.பி.க்கும், அவரிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கும் இறங்குகிறது. கடைசியில் மனுதாரரின் கைப்பேசிக்கு அழைப்பு வருவது, அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அதே நிலையத்தின் ரைட்டரிடமிருந்து (எழுத்து வேலை பார்க்கும் காவலர்) என்றால் வியப்பதற்கில்லை. ‘ஸ்டேஷனுக்கு வந்து ஸ்டேட்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்கிறார்கள். அங்கே போனவர் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று கையெழுத்திட்டுத் திரும்பினால், மனு முடிக்கப்பட்ட கணக்கில் சேர்கிறது.

இதில் யாரும் விதியை மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மேசையும் தனக்குக் கீழே உள்ள மேசைக்கு முறைப்படி அனுப்பியிருக்கிறது. குறை, துறைக்குள்ளேயே சுற்றும் அந்தப் பாதையின் அமைப்பில் இருக்கிறது. இதற்கிடையே, பணி செய்ய விடாமல் தடுத்ததாக மனுதாரர் மீதே ஓர் எதிர்வழக்கு பதிவாகியிருந்தால், சமரசம் இன்னும் விரைவாக முடியும்.

2006இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

காவல்துறைக்கு வெளியே ஒரு புகார் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் ஓய்வுபெற்ற டி.ஜி.பி. ஒருவர். உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் காவல்துறைக்குத் தலைமை வகித்த பிரகாஷ் சிங் 1996இல் தொடுத்த பொதுநல வழக்கில், தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான அமர்வு 2006 செப்டம்பர் 22 அன்று ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றுள் ஆறாவது காவல் புகார் ஆணையங்களைப் பற்றியது. அதன் சாரம் இது:

1. மாநில அளவில் ஓர் ஆணையம், எஸ்.பி. மற்றும் அதற்கு மேற்பட்ட அதிகாரிகள் மீதான புகார்களுக்கு. மாவட்ட அளவில் ஓர் ஆணையம், டி.எஸ்.பி. வரையிலானவர்கள் மீதான புகார்களுக்கு.

2. மாநில ஆணையத்தின் தலைவர் உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி. மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. அரசு தன் விருப்பப்படி ஆளைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. தலைமை நீதிபதி தரும் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை ஆகியவை இரு ஆணையங்களுக்கும் பொது. மாவட்ட ஆணையம் இவற்றோடு பணம் பறித்தல், வீடு நிலம் அபகரித்தல், அதிகாரத்தைக் கடுமையாகத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றையும் விசாரிக்கலாம். நம் ஊர் வழக்கில் கட்டப் பஞ்சாயத்து என்று சொல்லப்படுவதன் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

4. ஆணையம் பரிந்துரைக்கும் துறை நடவடிக்கையோ குற்ற வழக்கோ உரிய அதிகாரியைக் கட்டுப்படுத்தும்.

5. களவிசாரணைக்கு ஆணையத்துக்கு முழுநேரப் பணியாளர்கள் தேவைப்படலாம், சி.ஐ.டி., உளவுப் பிரிவு, கண்காணிப்புப் பிரிவு போன்றவற்றிலிருந்து ஓய்வுபெற்ற புலனாய்வாளர்களை அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மாநிலங்கள் தத்தம் சட்டத்தை இயற்றும் வரை இந்தக் கட்டளைகள் நடைமுறையில் இருக்கும் என்றும் தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு வரியே மாநிலங்களுக்கு வழி திறந்துவிட்டது. சட்டம் இயற்றினால் கட்டளையிலிருந்து விடுபடலாம் என்று பல அரசுகள் புரிந்துகொண்டன. நடைமுறைப்படுத்தலைக் கண்காணிக்க 2008இல் அமைக்கப்பட்ட நீதிபதி கே.டி. தாமஸ் குழு, மாநிலங்களின் அலட்சியத்தைக் கண்டு 2010 அறிக்கையில் தன் அதிருப்தியைப் பதிவு செய்தது.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் நாற்காலிகள்

தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம் 2013இல் வந்தது. அதில் புகார் ஆணையங்கள் இருக்கின்றன, பெயரும் அதுவே. ஆனால் மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்குப் பிரிவின் ஏ.டி.ஜி.பி.யும். மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். நீதிபதி என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. இந்த ஆணையங்களை அமைக்கும் அரசாணை வெளிவரவே 2019 நவம்பர் ஆயிற்று. சட்டம் உச்ச நீதிமன்றக் கட்டளைக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

இந்த அமைப்பு நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு மடப்புரமே போதும். அந்த மரணத்தை அடுத்து மாவட்ட எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். மேற்பார்வை தவறியதா என்ற கேள்வி எஸ்.பி. வரை எட்டும் ஒரு விவகாரத்தில், மாவட்டப் புகார் ஆணையத்தின் உறுப்பினராக உட்கார வேண்டியவரும் அதே பதவியில் இருப்பவர்தான். மேலே சொன்ன மனுவின் பயணத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, மேசைக்கு வேறு பெயர்ப் பலகை மாட்டியிருப்பது மட்டுமே.

அண்டை மாநிலமான கேரளம் 2011ஆம் ஆண்டின் காவல் சட்டத்தில் மாநில ஆணையத்தின் தலைமையை உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதிக்கும், மாவட்ட ஆணையத்தின் தலைமையை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிக்கும் கொடுத்தது. உறுப்பினர்களில் பணியிலுள்ள அதிகாரிகளை அங்கும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்றாலும், புகார் கொடுப்பவர் முகம் பார்த்துப் பேசும் ஆள் போலீசுக்கோ உள்துறைக்கோ கட்டுப்பட்டவர் அல்லர்.

மற்ற விசாரணைகளால் எது முடியும், எது முடியாது?

ஆர்.டி.ஓ. விசாரணை என்பது தமிழ்நாட்டுக் காவல் நிலையாணை 151இன் கீழ் வருவது. வருவாய்க் கோட்டாட்சியர் சாட்சிகளை அழைத்து விசாரித்து அறிக்கை தருவார். அதன் மேல் முடிவெடுப்பது அரசு. 2023இல் அம்பாசமுத்திரத்தில் கைதானவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தபோது முதலில் சார் ஆட்சியரும், பிறகு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரும் விசாரித்து, அதன் பிறகே வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

மாஜிஸ்திரேட் விசாரணை சற்று வலுவானது. காவலில் மரணம், காணாமல் போதல், பாலியல் வன்கொடுமை நிகழ்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரிப்பது கட்டாயம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ) பிரிவிலிருந்து, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவுக்கு இது இடம்பெயர்ந்திருக்கிறது. ஆனால் அடித்து விட்டுவிட்டால், உயிர் மிஞ்சிவிட்டால், இந்தப் பிரிவு அசையாது. பெரும்பாலான புகார்கள் இந்த வகையைச் சேர்ந்தவையே.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எவரும் ஒரு தாளில் எழுதிப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அதை விசாரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதன் பரிந்துரையை அரசு ஏற்க வேண்டுமா, ஓரமாக வைத்துவிடலாமா என்ற நெடுநாள் இழுபறியில், ஏற்றே ஆக வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு சொன்னது. முக்கியமான தீர்ப்பு அது. இருந்தும் ஓர் இடறல் மிச்சமிருக்கிறது: 1993ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டமே, மாநில ஆணையத்துக்கான புலனாய்வுப் பிரிவை ஐ.ஜி. நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரியின் கீழ் அமைக்கச் சொல்கிறது.

தலைவர் யார் என்பதைவிட, களத்துக்குப் போவது யார்?

புகார் ஆணையம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதியைச் சுற்றியே நடக்கின்றன. அந்தக் கோரிக்கை நியாயமானது, ஆனால் போதுமானதன்று. காவல் மீறல் வழக்குகள் தோற்பது தீர்ப்பெழுதும் மேசையில் அல்ல, முதல் 48 மணி நேரத்தில். காயம் ஆறுகிறது, லத்தியும் துணியும் துவைத்து எடுத்து வைக்கப்படுகின்றன, அரசு மருத்துவமனையின் காயச் சான்றிதழில் ‘கீழே விழுந்ததாகச் சொல்கிறார்’ என்று ஏறிவிடுகிறது. தமிழ்நாட்டில் பிடிபட்டவர்கள் கழிவறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொள்வது கேலிப் பேச்சாகவே ஆகிவிட்ட நிலையில், காவல் நிலையக் கழிவறைகளில் கைதிகள் மட்டுமே வழுக்கி விழுவது எப்படி என்று 2025இல் உயர் நீதிமன்ற அமர்வு ஒன்றே கேட்க நேர்ந்தது.

2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனுமாகிய வணிகர்கள் இருவர் தாக்கப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட பின் அடுத்தடுத்து இறந்த வழக்கு இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி அந்த நிலையத்துக்குள் நுழைந்த நடுவர் கண்டது என்ன? சி.சி.டி.வி. பதிவுப் பெட்டியில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். நடுவருக்கு அங்கிருந்த காவலர்கள் ஒத்துழைக்கவில்லை, அவமதிப்பாகவும் பேசினார்கள். மேசையிலும் லத்தியிலும் இரத்தக் கறை இருந்ததாகப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் அச்சத்துக்கிடையே வாக்குமூலம் கொடுத்தார். தடயங்கள் அழியக் கூடாது என்பதற்காக, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. புகார் ஆணையங்களுக்கான அரசாணை வெளிவந்து அப்போது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

உயர் நீதிமன்றம் அன்று செய்த வேலையை நாள்தோறும் செய்யக்கூடிய ஓர் அமைப்புக்கு வட அயர்லாந்து உதாரணம். கத்தோலிக்கர்கள் போலீசை நம்பாத ஒரு நாட்டில், 1997இல் வந்த மாரிஸ் ஹேயஸ் அறிக்கையின் பரிந்துரைப்படி போலீஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் உருவாகி 2000 நவம்பரில் பணியைத் தொடங்கியது. புகார் எதுவாயினும் அது நேராக அந்த அலுவலகத்துக்கே போகும். அங்குள்ள புலனாய்வாளர்கள் போலீசின் பணியாளர்கள் அல்லர். ஆனால் இடத்தைச் சோதிக்கவும் ஆவணத்தைக் கைப்பற்றவும் கைது செய்யவும் போலீசுக்குரிய அதிகாரம் அவர்களுக்கு உண்டு. போலீசின் செயலால் ஒருவர் இறந்திருக்கலாம் என்று தோன்றினால், புகாரே வராவிட்டாலும் தலைமைக் காவல் அதிகாரி தகவல் அனுப்பியாக வேண்டும்.

நியூயார்க் நகரம் வேறொரு பாடத்தைத் தருகிறது. அங்கே புகார்களை ஆராயும் வாரியத்தில் குடிமக்களைச் சேர்த்ததை எதிர்த்துக் காவலர் சங்கம் பொதுவாக்கெடுப்பு வரை போய் 1966இல் வென்றது. முழுவதும் குடிமக்களால் ஆன வாரியம் 1993இல்தான் அமைந்தது. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது, சொந்தப் புலனாய்வாளர்களும் இருக்கிறார்கள். தண்டனையைப் பற்றிய கடைசிச் சொல் மட்டும் இன்றும் போலீஸ் கமிஷனருடையது.

இலங்கையில் இந்தக் கடைசிச் சொல் அரசியலமைப்புத் திருத்தங்களோடு சேர்ந்து ஏறி இறங்கியது. 2001இன் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்குப் பொதுமக்களின் முறைப்பாடுகளை (புகார்களை) விசாரிப்பதையும் ஒழுக்காற்று (ஒழுங்கு நடவடிக்கை) அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்தது. 2010இன் 18ஆவது திருத்தம் ஒழுக்காற்று அதிகாரத்தைப் பறித்துக்கொண்டு முறைப்பாட்டை மட்டும் மிச்சம் வைத்தது. 2015இல் அதிகாரம் திரும்பி வந்தது, 2020இல் மீண்டும் போனது, 2022இன் 21ஆவது திருத்தத்தில் மறுபடியும் வந்தது. விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது என்ற நிலையில் ஓர் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டு, நாளை அதே பொலிஸ் நிலையத்தின் வாசலைக் கடந்து போக வேண்டியவரின் கணக்கை ஊகிப்பது கடினமன்று.

காவலர் தரப்பின் மறுப்பு

இதற்குப் போலீஸ் தரப்பு சொல்லும் எதிர்வாதங்களைப் புறந்தள்ள முடியாது. வழக்கில் சிக்கியவர்கள் புலனாய்வு அதிகாரியை முடக்கவே புகார் கொடுப்பதுண்டு. துறை விசாரணை, குற்ற வழக்கு, மனித உரிமை ஆணையம் என்று ஒரே நிகழ்வுக்கு ஒரு காவலர் பல இடங்களில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் இரண்டாவது வாதம், தனி ஆணையத்துக்கு எதிரானது அன்று. புகாரை ஒரே இடத்தில் விசாரித்து முடிக்க வேண்டும் என்பதற்கான காரணம். முதல் வாதமும் அப்படியே: துறையின் மேலதிகாரி ‘புகார் பொய்’ என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை, வெளியாள் எழுதினால்தான் அந்தக் காவலர் மீதான கறை நீங்கும். மேலிடத்து அழுத்தத்தால் கைநீட்டும் கீழ்நிலைக் காவலர் மட்டும் சிறைக்குப் போய், தனிப்படையை அனுப்பியவர் தப்பிப்பதும் துறைக்குள் நடக்கும் விசாரணையின் விளைவுதான்.

இன்றைய நிலையில் புகார்தாரர் செய்யக்கூடியவை

1. காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. யார், எப்போது, எதனால் அடித்தார் என்று மருத்துவரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் அதை எழுதச் செய்து, நகல் பெற வேண்டும். கைதானவர் என்றால் ரிமாண்டுக்கு நடுவர் முன் நிறுத்தப்படும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுவர் கேட்கும் முதல் கேள்விக்கான பதில் பின்னாளில் எல்லா விசாரணைகளிலும் எடுத்துக்காட்டப்படும்.

2. காவல் நிலையம் வழக்குப் பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுத்தில் எஸ்.பி.க்கு, சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்ப வேண்டும். அதற்கும் அசைவில்லை என்றால், சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ் நடுவரை அணுகலாம். எஸ்.பி.க்கு எழுதிய சான்று இல்லாமல் அந்த மனு நிற்காது.

3. மாநில மனித உரிமை ஆணையத்துக்கான ஓராண்டுக் கெடு, மற்ற இடங்களில் மனு நிலுவையில் இருப்பதால் நீளாது. எனவே மற்றவற்றோடு சேர்த்தே அதையும் அனுப்பிவிடுவது நல்லது.

4. சி.சி.டி.வி. பதிவை உடனே கேட்க வேண்டும். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், காவல் நிலையத்தின் நுழைவாயில், லாக்கப், நடைவழி, இன்ஸ்பெக்டர் அறை என எந்தப் பகுதியும் விடுபடாமல் ஒலியுடன் கூடிய கேமராக்கள் இருக்க வேண்டும் என்றும், பதிவை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. கேமராக்கள் வேலை செய்யாமல் கிடப்பதைப் பற்றி 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுக்கும் நிலை இருப்பதால், 18 மாதங்கள் என்ற எண்ணை நம்பிக் காத்திருக்கக் கூடாது. நாள், நேரம், நிலையத்தின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி முதல் மனுவிலேயே ஒரு பத்தி எழுதிவிட்டால், பின்னர் பதிவு இல்லை என்று சொல்லப்படும்போது அது ஏன் இல்லை என்று விளக்க வேண்டிய பொறுப்பு காவல் நிலையத்தின் மேல் விழும்.